குரோஷே, பின்னல் வேலைகளில் போல்கா புள்ளி வைப்பது எப்படி?

போல்கா புள்ளி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் நிறம் பார்ப்பார்கள். வெள்ளையில் சிவப்பா, நீலத்தில் வெள்ளையா என்று நூல் உருண்டைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார்கள். நான் முதலில் கேட்பது வேறு. நீங்கள் பின்னப்போகும் பொருளின் பின்பக்கத்தை யார் பார்ப்பார்கள்? யார் தொடுவார்கள்?

நான் முதன்முதலில் புள்ளி வைத்துப் பின்னியது ஒரு கைக்குழந்தையின் காலுறை. வெளியிலிருந்து பார்க்க அவ்வளவு அழகு. உள்ளே, ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நூல் நீளநீளமாக ஓடிக்கொண்டிருந்தது. போட்டுவிடும்போது பிஞ்சுக் கால்விரல் அந்த நூலில் மாட்டிக்கொண்டு, குழந்தை வீறிட்டு அழுதது. அன்றிரவே காலுறையைப் பிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்தப் புள்ளியையும் பின்பக்கத்தை நினைக்காமல் நான் தொடங்குவதில்லை.

புள்ளி வைக்க ஐந்தாறு முறைகள் இருக்கின்றன. முன்பக்கம் எல்லாமே வட்டம்தான். பின்பக்கத்தில்தான் ஒன்றுக்கொன்று மாறும். கழுத்துத் துண்டு என்றால் இரண்டு பக்கமும் தெரியும். குழந்தைப் பொருள் என்றால் உள்ளே எதுவும் மாட்டக் கூடாது. உள்துணி வைத்துத் தைக்கும் பைக்கும் தலையணை உறைக்கும் பின்பக்கம் எப்படி இருந்தாலும் சரி. இதை முடிவு செய்துவிட்டால் முறை தானாகவே அமைந்துவிடும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. போல்கா என்பது பொஹீமியாவில் பிறந்த ஒரு நடனம். 1840-களில் ஐரோப்பா முழுக்க அதற்குப் பெரிய மோகம் இருந்தது. அந்த மோகத்தில் பல பொருள்களுக்குப் போல்கா என்று பெயர் ஒட்டிக்கொண்டது. புள்ளி டிசைனுக்கு ஒட்டிய பெயர் மட்டும் இன்றுவரை நிலைத்துவிட்டது. பிலடெல்ஃபியாவிலிருந்து வெளிவந்த ஒரு பெண்கள் பத்திரிகையில் 1857-லேயே இந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது.

தொடங்கும் முன்

அடி நூலும் புள்ளி நூலும் ஒரே கனத்தில், முடிந்தால் ஒரே வகையில் இருக்கட்டும். பருத்தியில் அடித்தளம் பின்னி, கம்பளியில் புள்ளி வைத்தால், துவைத்த பிறகு கம்பளி சுருங்கிப் புள்ளியைச் சுற்றி மடிப்பு விழும். பிரித்துத்தான் சரிசெய்ய முடியும்.

சாயம் போகிறதா என்று பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். அடர் நிற நூலில் ஒரு சாண் வெட்டி, நனைத்து, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் அழுத்தி வையுங்கள். துணியில் நிறம் இறங்கியிருந்தால் அந்த நூல் வெள்ளைப் பக்கத்தில் வேண்டாம். சிவப்பு நூலில் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

இரண்டு நிறங்களும் ஒன்றிலிருந்து ஒன்று விலகித் தெரியுமா என்ற சந்தேகம் வந்தால், இரண்டு உருண்டைகளையும் பக்கத்தில் வைத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நேரில் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் தூரத்திலிருந்து புள்ளி மங்கிவிடும்.

இன்னொரு சங்கடம் கண்ணி வகைகளின் பெயர்களில். ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷேயில் அமெரிக்கப் பெயர் ஒன்று, பிரிட்டிஷ் பெயர் ஒன்று. அமெரிக்கர்கள் சிங்கிள் என்கிற குட்டைக் கண்ணியைப் பிரிட்டனில் டபுள் என்பார்கள். அதைவிட உயரமான அமெரிக்க டபுள், பிரிட்டனில் டிரெபிள். இங்கே நான் எழுதுவது எல்லாம் அமெரிக்கப் பெயர்கள். வேறு எங்காவது ஒரு டிசைனைப் பார்த்துப் பின்னும்போது அது எந்த முறை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தட்டையாக வர வேண்டிய வட்டம் கிண்ணமாக வரும்.

புள்ளிகளை எங்கே வைப்பது

ஒன்றின் தலைக்கு மேல் ஒன்று வருவது நேர்ப்புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிக்கு மேலே அடுத்த வரிசைப் புள்ளி வருவது இடைப்புள்ளி. போல்கா என்று சொன்னதும் நம் கண்ணுக்கு வருவது இரண்டாவதுதான். நேர்ப்புள்ளியில் கண் கோடு கோடாகப் படிக்கும், கட்டம் போட்டது போலத் தெரியும். இடைப்புள்ளியில் கண் சாய்வாக ஓடுவதால் துணி முழுக்கப் புள்ளி சிதறியது போல இருக்கும்.

இடைவெளியை டேப் வைத்து அளக்காதீர்கள், கண்ணிகளை எண்ணுங்கள். துணி இழுபடும், கண்ணியின் எண்ணிக்கை மாறாது. எனக்குப் பிடித்த கணக்கு, புள்ளி எத்தனை கண்ணி அகலமோ அத்தனை கண்ணி இடைவெளி. இதைவிட நெருக்கினால் புள்ளிகள் ஒன்றோடொன்று சண்டை போடும். விரிப்பு போன்ற பெரிய பொருளில் இரண்டு மடங்கு வரை தாராளமாக இடைவெளி விடலாம்.

ஓரத்தில் புள்ளி பாதியாக வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சடித்த துணியில் அரைப் புள்ளி உறுத்தாது. கையால் பின்னியதில் அது தவறு விட்டது போலத்தான் தெரியும்.

முறை ஒன்று: வட்டம் பின்னித் தைப்பது

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். அடித்தளம் குரோஷேயாக இருந்தாலும் ஊசிப் பின்னலாக இருந்தாலும், கடையில் வாங்கிய ஸ்வெட்டராக இருந்தாலும்கூட இது பொருந்தும். பிடிக்கவில்லை என்றால் பிரித்து நகர்த்தி வைக்கலாம். பின்பக்கமும் சுத்தமாக இருக்கும், ஏனென்றால் நூல் முனைகள் எல்லாம் புள்ளிக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும்.

1. மேஜிக் ரிங், அதாவது முனையை இழுத்தால் சுருங்கி மூடும் நூல் வளையம், போடுங்கள். 2 சங்கிலி ஏறுங்கள். இதைக் கண்ணியாக எண்ண வேண்டாம்.
2. வளையத்துக்குள் 12 டபுள் போட்டு, நூல் முனையை இழுத்து நடு ஓட்டையை மூடுங்கள்.
3. ஒரு முழத்துக்குக் குறையாமல் நூல் விட்டு வெட்டுங்கள். கடைசி வளையத்தின் வழியே நூலை முழுவதும் வெளியே இழுத்துவிடுங்கள்.
4. நூலை மழுங்கிய ஊசியில் கோத்து, முதல் கண்ணியை விட்டு இரண்டாவது கண்ணியின் தலைக்கு அடியில் செலுத்தி, திரும்ப வந்து கடைசிக் கண்ணியின் தலைக்குள் நுழையுங்கள். நூலை மெல்ல இழுத்தால் இன்னொரு கண்ணித் தலை போலவே உட்காரும். எங்கே தொடங்கினோம், எங்கே முடித்தோம் என்று தெரியாது.

நடுத்தரக் கன நூலில், 4 மி.மீ. ஊசியில், இந்த வட்டம் ஏறக்குறைய 3 செ.மீ. அகலம் வரும். உங்கள் கை இறுக்கத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடலாம், குறையலாம். பெரிய புள்ளி வேண்டுமென்றால் அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டு 24 ஆக்குங்கள். அதற்கடுத்த சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு போட்டால் 36. டபுளில் வட்டம் தட்டையாக இருக்கச் சுற்றுக்கு 12 கூட வேண்டும். சிங்கிளில் என்றால் 6-இல் தொடங்கிச் சுற்றுக்கு 6 கூட்ட வேண்டும். வட்டம் கிண்ணமாகக் குவிந்தால் கண்ணி குறைகிறது அல்லது கை இறுக்கமாக இருக்கிறது. ஓரம் அலை அலையாக நெளிந்தால் கண்ணி அதிகம்.

தைப்பதில்தான் அவசரப்படுகிறோம். வட்டங்களையும் அடித்தளத்தையும் தனித்தனியாக நனைத்து, தட்டையாக விரித்துக் காய வைத்த பிறகே தையுங்கள். காயாத வட்டம் தைத்த பிறகு வடிவம் மாறும். எல்லா வட்டங்களையும் முதலில் குண்டூசியால் குத்தி வைத்து, எழுந்து போய் நான்கு எட்டுத் தள்ளி நின்று பாருங்கள். கோணல் எல்லாம் அங்கிருந்துதான் தெரியும். பிறகு வட்டத்தின் ஓரக் கண்ணியின் பின் இழையை மட்டும் பிடித்து, அடித்தளத்தில் ஒரு சின்னக் குத்து, வட்டத்தில் ஒரு குத்து என்று சுற்றிவர வேண்டும். நூலை இறுக்காதீர்கள். அடித்தளம் இழுபடும் துணி. இறுக்கித் தைத்தால் புள்ளியைச் சுற்றித் துணி சுருங்கும், போட்டு இழுக்கும்போது தையல் அறும்.

குழந்தைப் பொருளில் வைக்கும் புள்ளியை இரண்டு சுற்றுத் தையுங்கள். வாயில் வைத்து இழுக்கிற வயதுக்கு ஒரு சுற்றுத் தையல் போதாது.

முறை இரண்டு: பாபிள், புடைத்து நிற்கும் புள்ளி

விரலால் தடவிப் பார்க்கத் தோன்றும் புள்ளி இது. தலையணை உறை, கூடை, தொப்பி போன்றவற்றுக்கு நன்றாக இருக்கும். நூல் நிறைய இழுக்கும், துணி கனக்கும். அதனால் மெல்லிய உடைகளுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரே கண்ணியில் ஐந்து டபுள்களை முடிக்காமல் நிறுத்திவைத்து, ஐந்தையும் சேர்த்து முடிச்சிடுவதுதான் பாபிள். செய்முறை இப்படி: பாபிளுக்கு முந்தைய சிங்கிளின் கடைசி இழுப்பைப் புள்ளி நூலால் இழுங்கள். ஊசியில் நூலைச் சுற்றி, அடுத்த கண்ணியில் நுழைத்து, நூலை இழுத்து வாருங்கள். மறுபடி நூல் சுற்றி இரண்டு வளையங்கள் வழியே மட்டும் இழுங்கள். இப்போது ஊசியில் 2 வளையங்கள். அதே கண்ணியில் இன்னும் நான்கு முறை இதையே செய்தால் 6 வளையங்கள் சேரும். இப்போது அடி நூலைச் சுற்றி ஆறின் வழியாகவும் ஒரே இழுப்பு. பாபிளும் மூடியது, நிறமும் மாறியது. அடுத்த சிங்கிளைக் கொஞ்சம் இறுக்கிப் போடுங்கள், பாபிள் துள்ளி வெளியே நிற்கும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பாபிள் நம்மைப் பார்த்துப் புடைக்காது, மறுபக்கம்தான் புடைக்கும். அதனால் பாபிள் வரிசையைப் பின்பக்கம் நம்மைப் பார்த்திருக்கும்போதே போட வேண்டும்.

மாதிரிக்கு 17 சிங்கிளில் தொடங்குங்கள். பாபிள் வரிசை: 5 சிங்கிள், பாபிள், 5 சிங்கிள், பாபிள், 5 சிங்கிள். அதன் மேல் 3 வரிசை வெறும் சிங்கிள். அடுத்த பாபிள் வரிசை: 2 சிங்கிள், பாபிள், 5 சிங்கிள், பாபிள், 5 சிங்கிள், பாபிள், 2 சிங்கிள். மறுபடி 3 வரிசை சிங்கிள். அகலம் கூட்ட வேண்டுமென்றால் ஆறு ஆறாகக் கூட்டுங்கள். இடையில் 3 வரிசை விடுவதால் பாபிள் வரிசை எப்போதும் பின்பக்கத்திலேயே வந்து விழும்.

சரி, புள்ளி நூல் என்ன ஆகும்? பாபிள் வரிசையில் அதைச் சிங்கிள்களுக்குள் வைத்து மூடியபடியே கொண்டுபோங்கள். வரிசை முடியும்போது அது மறு ஓரத்தில் இருக்கும், ஆனால் அடுத்த பாபிள் வரிசை தொடங்கிய ஓரத்திலிருந்தே வரும். அதனால் அடுத்த சிங்கிள் வரிசையிலும் அதை உள்ளே வைத்து மூடித் திரும்பக் கூட்டி வாருங்கள். மிச்சம் இரண்டு வரிசைக்கு ஓரத்தில் தொங்கட்டும். பிறகு தொய்வாக மேலே தூக்கிப் பயன்படுத்தலாம். வெட்டவே வேண்டாம், முனை ஒளிக்கும் வேலையும் இல்லை.

முறை மூன்று: சிங்கிளுக்குள்ளேயே நிறம் மாற்றுவது

குரோஷேயில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். புள்ளி துணியின் மேல் ஒட்டியிருக்காது, துணியே புள்ளியாக இருக்கும். ஓடும் நூல் எல்லாம் கண்ணிகளுக்குள் புதைந்துபோவதால் பின்பக்கத்தில் விரல் மாட்ட இடமே இல்லை. துணி கெட்டியாக வரும், பைக்கும் சமையலறைக் கைப்பிடித் துணிக்கும் அந்தக் கெட்டித்தன்மை நல்லது.

இரண்டே விஷயங்கள். ஒன்று, நிறம் மாற்றுவது புதுக் கண்ணியில் அல்ல, அதற்கு முந்தைய கண்ணியின் கடைசி இழுப்பில். ஒரு கண்ணியின் தலை அடுத்த கண்ணியின் மேல்தான் உட்காரும். தாமதமாக மாற்றினால் புள்ளியின் ஓரத்தில் வேற்று நிறம் ஒழுகும். இரண்டு, வேலையில்லாத நூலை முந்தைய வரிசையின் தலை மேல் படுக்க வைத்து, அதையும் சேர்த்துச் சுற்றிச் சிங்கிள் போட வேண்டும்.

29 கண்ணியில் ஒரு மாதிரித் துண்டு பின்னுவோம். 30 சங்கிலி போட்டு, இரண்டாவது சங்கிலியிலிருந்து சிங்கிள் தொடங்கினால் 29 வரும். முதல் இரண்டு வரிசை அடி நிறம் மட்டும். அதன் பிறகு வரும் எண்களில் முதல் எண் அடி நிறம், அடுத்தது புள்ளி நிறம், பிறகு மாறி மாறி:

வரிசை 3: 8, 3, 7, 3, 8
வரிசை 4, 5, 6: 7, 5, 5, 5, 7
வரிசை 7: 8, 3, 7, 3, 8
வரிசை 8, 9: அடி நிறம் மட்டும்
வரிசை 10: 3, 3, 7, 3, 7, 3, 3
வரிசை 11, 12, 13: 2, 5, 5, 5, 5, 5, 2
வரிசை 14: 3, 3, 7, 3, 7, 3, 3
வரிசை 15, 16: அடி நிறம் மட்டும்

பிறகு 3-ஆம் வரிசையிலிருந்து மறுபடி. எந்த வரிசையையும் இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒரே எண்கள்தான், கவனித்தீர்களா? வேலையைத் திருப்பித் திருப்பிப் பின்னும்போது எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுகிறோம் என்ற குழப்பமே வராது. அகலம் கூட்ட வேண்டுமென்றால் பத்துப் பத்தாக, அதாவது 39, 49 என்று கூட்டுங்கள். நடுவில் வரும் வெறும் இரண்டு வரிசைகளில் புள்ளி நூல் ஓரத்திலேயே காத்திருக்கும். இரண்டு வரிசை முடிந்ததும் நாம் அதே ஓரத்துக்கே திரும்பி வந்துவிடுவோம்.

புள்ளி வரிசைகளில் நூலை ஓரம் வரைக்கும் உள்ளே வைத்துக் கொண்டுபோக வேண்டும். கடைசிப் புள்ளியோடு நிறுத்திவிட்டால் அந்த இடம் மட்டும் மெலிந்து, ஓரம் அலையும். வெளிர் நிற அடித்தளத்தில் அடர் நூல் உள்ளேயிருந்து எட்டிப்பார்த்தால், ஊசியை அரை மி.மீ. குறைத்துப் பாருங்கள். முழுவதும் மறையாது, ஆனால் மங்கலாகும். அதனால்தான் அடர் அடித்தளத்தில் வெளிர் புள்ளி என்று தொடங்கச் சொல்வேன்.

பை போலச் சுற்றுச் சுற்றாகப் பின்னும்போது சிங்கிள் கண்ணிகள் ஒவ்வொரு சுற்றிலும் துளித் துளியாகச் சாயும். ஐந்து வரிசைப் புள்ளியில் அது தெரியாது. பத்துப் பதினைந்து வரிசைப் பெரிய புள்ளி என்றால் வட்டம் காற்றில் சாய்ந்தது போல வரும். பெரிய புள்ளிக்கு முதல் முறையே நல்லது.

ஊசிப் பின்னலில் புள்ளி

இரண்டு ஊசியில் பின்னுகிறவர்கள் முதலில் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னல் கண்ணி சதுரமல்ல, உயரத்தைவிட அகலம் அதிகம். கட்டத் தாளில் அழகான வட்டம் வரைந்து, அதைப் பார்த்து அப்படியே பின்னினால் நசுங்கிய முட்டைதான் கிடைக்கும். உங்கள் மாதிரித் துண்டில் 10 செ.மீ.-க்கு 20 கண்ணியும் 28 வரிசையும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 கண்ணி அகலமான புள்ளி வட்டமாகத் தெரிய 7 வரிசை உயரம் வேண்டும். கீழிருந்து மேலாக 3, 5, 5, 5, 5, 5, 3 கண்ணிகள். தாளில் நீளமாகத் தெரியும், துணியில் வட்டமாக உட்காரும்.

இந்தப் புள்ளியை மிகச் சுலபமாக வைக்க வழி, பின்னி முடித்த பிறகு ஊசி நூலால் கண்ணியின் மேல் கண்ணி வரைவது. டூப்ளிகேட் ஸ்டிட்ச் என்பார்கள். முன்பக்கம் ஒவ்வொரு கண்ணியும் 'வி' வடிவத்தில் தெரியும் அல்லவா, அந்த 'வி'-யின் அடிமுனையில் ஊசியைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவாருங்கள். மேல் வரிசைக் கண்ணியின் இரண்டு கால்களுக்கும் பின்னால் ஊசியை நுழைத்து எடுங்கள். மறுபடி அதே அடிமுனையில் உள்ளே இறக்குங்கள். ஒரு கண்ணி நிறம் மாறிவிட்டது. அடுத்த கண்ணி, அடுத்த கண்ணி என்று போய், மேல் வரிசைக்கு ஏறுங்கள். நூலை மெத்தென்று படுக்க விட வேண்டும். இழுத்தால் அடி நிறம் இரண்டு பக்கமும் எட்டிப்பார்க்கும். இரண்டு அடுக்கு நூல் என்பதால் புள்ளி கொஞ்சம் தடிக்கும், சின்னப் புள்ளிகளுக்கு அது அழகே.

பின்னும்போதே வைப்பது என்றால் ஒற்றைக் கண்ணிப் புள்ளியில் தொடங்குங்கள். நார்வேயின் செட்டஸ்டால் பள்ளத்தாக்கு ஸ்வெட்டர்களில் கறுப்பில் வெள்ளையாகச் சிதறிக் கிடப்பது இந்தப் புள்ளிதான். அந்த ஸ்வெட்டருக்கு அவர்கள் மொழியில் வைத்த பெயருக்குப் பேன் சட்டை என்று பொருள். ஒற்றைக் கண்ணிப் புள்ளியைப் பார்த்தால் பெயர் ஏன் வந்தது என்று புரியும்.

11 கண்ணி மாதிரியில் புள்ளி வரிசை இப்படி வரும்: 3 அடி, 1 புள்ளி, 3 அடி, 1 புள்ளி, 3 அடி. அடுத்த புள்ளி வரிசை: 1 அடி, 1 புள்ளி, 3 அடி, 1 புள்ளி, 3 அடி, 1 புள்ளி, 1 அடி. அகலம் நான்கு நான்காகக் கூடும். இரண்டு புள்ளி வரிசைகளுக்கு நடுவில் எத்தனை வெறும் வரிசை? திருப்பித் திருப்பிப் பின்னுகிறீர்கள் என்றால் இரண்டு அல்லது நான்கு. ஒற்றைப்படையில் விட்டால் நாம் ஒரு ஓரத்தில் இருப்போம், புள்ளி நூல் மறு ஓரத்தில் இருக்கும், வெட்டி ஒட்டத்தான் வேண்டும். இரட்டைப்படையில் விடும்போது ஒரு புள்ளி வரிசை நிட் பக்கத்திலும் (முன்பக்கம்) அடுத்தது பர்ல் பக்கத்திலும் (பின்பக்கம்) வரும், பயப்பட ஒன்றுமில்லை. பர்ல் பக்கத்தில் ஓடும் நூல் உங்களைப் பார்த்தபடி இருக்கும், அவ்வளவுதான். வட்ட ஊசியில் சுற்றாகப் பின்னினால் இந்தக் கணக்கே இல்லை.

இனி நான் காலுறையில் செய்த தவறுக்கு வருகிறேன். பின்னால் ஓடும் நூல் 5 கண்ணிக்கு மேல், அல்லது 2.5 செ.மீ.-க்கு மேல் தடையில்லாமல் ஓடக் கூடாது. அதைவிட நீளம் என்றால் நடுவில் ஒரு கண்ணியில், பின்னுகிற நூலை ஓடுகிற நூலுக்கு மேலாக ஒருமுறை சுற்றிப் பூட்டிவிடுங்கள். மேல் வரிசையில் அதே கண்ணிக்கு நேர் மேலே பூட்டாதீர்கள். இரண்டு மூன்று வரிசை ஒரே இடத்தில் பூட்டினால் முன்பக்கம் கோடு தெரியும்.

ஓடும் நூலின் இறுக்கமும் முக்கியம். நிறம் மாற்றும் முன் வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளை விரலால் விரித்துவிட்டு, பிறகு புது நூலைப் போடுங்கள். விரிக்காமல் போட்டால் நூல் குட்டையாகி, துணி பொம்மென்று சுருங்கும். எத்தனை துவைத்தாலும் அது விரியாது. அப்புறம், இரண்டு நூலையும் ஏற்றி இறக்கிப் பின்னாதீர்கள். பின்பக்கத்தில் எந்த நூல் கீழே ஓடுகிறதோ அந்த நிறம்தான் முன்னால் சற்றுத் தூக்கித் தெரியும். புள்ளி நூலை எப்போதும் கீழேயே ஓடவிடுங்கள். நடுவில் மாற்றினால் ஒரே துணியில் பாதிப் புள்ளிகள் பளிச்சென்றும் பாதி மங்கியும் தெரியும். காரணம் தெரியாமல் நூலைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

உள்ளங்கை அகலப் புள்ளிகளை ஓடும் நூலால் பின்னவே முடியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாகச் சின்ன அட்டையில் நூல் சுற்றி வைத்து, இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் நூல்களை ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பின்ன வேண்டும். முறுக்க மறந்தால் அங்கே ஓட்டை விழும். இன்டார்சியா என்று இதற்குப் பெயர். நான்கைந்து துண்டு பின்னிப் பழகிய பிறகு இதைத் தொடலாம்.

விரிப்புக்கு ஒரு நல்ல வழி

பெரிய விரிப்பில் நூறு புள்ளி தைப்பதைவிட, வட்டத்தைச் சதுரமாக வளர்த்து இணைப்பது சுகமான வேலை. முதல் முறையில் சொன்ன 24 டபுள் வட்டத்தைப் புள்ளி நிறத்தில் பின்னி முடியுங்கள். அடி நிற நூலை ஏதாவது ஒரு கண்ணியில் சேர்த்து, அந்தக் கண்ணியிலேயே 2 டிரெபிள் (அமெரிக்க டிரெபிள், டபுளைவிட உயரமானது), 2 சங்கிலி, 2 டிரெபிள். இது மூலை. அடுத்த ஐந்து கண்ணிகளில் முறையே டபுள், ஹாஃப் டபுள் (டபுளுக்கும் சிங்கிளுக்கும் நடு உயரம்), சிங்கிள், ஹாஃப் டபுள், டபுள். ஆறாவதில் மறுபடி மூலை. நான்கு முறை செய்தால் வட்டம் சதுரமாகிவிடும். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு டபுள், மூலைச் சங்கிலிக்குள் 2 டபுள், 2 சங்கிலி, 2 டபுள். பக்கத்துக்கு 13 டபுள் வந்தால் கணக்குச் சரி.

இந்தச் சதுரங்களை மட்டும் அடுக்கினால் நேர்ப்புள்ளி வரும். அதே அளவில் வெறும் அடி நிறச் சதுரங்களும் பின்னி, ஒன்று விட்டு ஒன்றாக இணைத்தால் இடைப்புள்ளி. இணைக்கும் நூலும் அடி நிறமாகவே இருக்கட்டும், சதுரங்களின் எல்லை மறைந்து புள்ளிகள் மட்டும் மிதக்கும்.

புள்ளி நூல் எவ்வளவு வாங்குவது என்பதற்கு: ஒரு புள்ளி பின்னி, பிரித்து, அந்த நூலை அளந்து, முனைக்கு விடும் நீளத்தையும் சேர்த்து, புள்ளிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். வந்ததோடு பத்தில் ஒரு பங்கு கூட்டி வாங்குங்கள். பாதியில் தீர்ந்தால் அதே நிறத்தில் வேறு சாயத் தொகுதிதான் கிடைக்கும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

முனைகளை ஒளிப்பது

எந்த முறையானாலும் கொஞ்சம் நூல் முனைகள் மிஞ்சும். அவற்றை அதே நிறப் புள்ளிக்குள்தான் ஒளிக்க வேண்டும். வெள்ளை அடித்தளத்தில் சிவப்பு முனையைச் செருகினால் ஒளிந்தது போலிருக்கும், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரியும். 15 செ.மீ. நீளம் விட்டால்தான் ஒரு பக்கம் செருகி, திரும்பி, மறுபடி ஒரு பக்கம் செருக இடம் கிடைக்கும். ஒரே திசையில் செருகிய முனை இரண்டு துவைப்பில் வெளியே வந்துவிடும். ஒவ்வொரு புள்ளியும் முடிந்ததும் அப்போதே ஒளித்துவிடுங்கள். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் நாற்பது புள்ளிக்கு எண்பது முனை காத்திருக்கும்.

முடித்ததும் நனைத்து, துண்டில் சுற்றி ஈரம் பிழிந்து, தட்டையாக விரித்து, புள்ளிகளை விரலால் வட்டமாகத் தட்டிவிட்டுக் காய விடுங்கள். அக்ரிலிக் நூலில் சூடான இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்காதீர்கள். நூல் உருகித் துவண்டுவிடும். பாபிள் மேல் எந்த நூலானாலும் இஸ்திரி வேண்டாம். காய்ந்த பிறகு பின்னியதைத் திருப்பி, பின்பக்கம் முழுக்க ஒருமுறை விரலை ஓட்டிப் பாருங்கள். விரல் எங்காவது மாட்டினால் அந்த இடத்தில் அடி நிற நூலால் ஒரு சின்னத் தையல் போட்டு ஓடும் நூலை அமர்த்திவிட்டு, அதற்குப் பிறகு யாருக்காகப் பின்னினீர்களோ அவர்கள் கையில் கொடுங்கள்.